அன்னம் வரைய மாட்டேன் என்ற சித்தப்பா

எங்கள் சித்தப்பாவிடம் படம் வரையக் கொடுப்பதும், வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொள்வதும் ஒன்றுதான். ருவான்வெல்லை பஜாரில் கடை வைத்திருந்த பாதிப் பேர் இதை அனுபவித்துத் தெரிந்துகொண்டார்கள். மீதிப் பேர் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். எங்கள் வீட்டுக்காரர்களுக்கு மட்டும் எத்தனை தடவை பட்டாலும் புத்தி வரவில்லை.

அவர் அப்பாவின் தம்பி. ரப்பர் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், எங்களோடுதான் இருந்தார். ஆனால் தோட்ட வேலைக்குப் போக மாட்டார். பஜாரில் கடைப் பலகை எழுதுவார், கோயில் சுவருக்கு வர்ணம் அடிப்பார், த்ரீவீலருக்குப் பின்னால் படம் போடுவார். கை நல்ல கை, அதில் எதிரிக்கும் சந்தேகம் இல்லை. அவர் வரைந்த சேவலைப் பார்த்து நிஜச் சேவல் ஒன்று சண்டைக்குப் போனதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் கண்ணால் காணாத எதையும் வரைய மாட்டேன் என்று ஒரு வீம்பு அவருக்கு எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் கண்டதுதான் என்ன? மழை, ரப்பர் மரம், லயம், ரத்தம் குடிக்கிற அட்டை. த்ரீவீலருக்கு ரோஜாப்பூ கேட்ட பையனுக்கு, ரோஜாவை எங்கே பார்த்தேன் என்று சொல்லி, புல் நுனியில் நிமிர்ந்து நிற்கிற ஒரு அட்டையைப் போட்டுக் கொடுத்தார். அந்த வண்டியில் ஏறிய பொம்பளைகள் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

எங்கள் தோட்டத்துக் கோயிலில் முருகனுக்கு மயில் வரையச் சொன்ன கதை அதைவிட மோசம். வருசம் முழுக்க மழை பெய்கிற எங்கள் பக்கத்தில் மயில் கிடையாது, செம்போத்துதான் உண்டு. பத்து நாள் சாக்கைக் கட்டி மறைத்து வேலை செய்து, தைப்பூசத்துக்கு முதல் நாள் சாக்கை அவிழ்த்தார். முருகப்பெருமான் சிவந்த கண்ணும் செங்கல் நிறச் சிறகுமான ஒரு செம்போத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார். கோயில் தலைவர் சாக்கை எடுத்து மறுபடி மூடப் பார்த்தார்.

"என்னாப்பா இது? முருகன் எப்ப வாகனம் மாத்துனாரு?"

"நம்ம தோட்டத்துக்கு வரணும்னா இங்க இருக்கறதுலதானங்க வரணும்" என்றார் சித்தப்பா.

அப்பா போய்க் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டு, தம்பியின் தலையில் நாலு குட்டுக் குட்டி, அன்றைக்கே அதை மயிலாக மாற்ற வைத்தார். அந்த மயிலுக்கு இன்றைக்கும் செம்போத்துக் கண்தான்.

இதெல்லாம் ஊர்ச் சிரிப்போடு போயிற்று. அத்தையின் கலியாணத்தில் அவர் புகுந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அப்போது எனக்குப் பத்து வயது.

அத்தை, அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே தங்கச்சி. ஏழு வருசமாகப் பால்வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். விடியக் காலையில் கத்தியும் வாளியுமாக மலை ஏறி, மரம் மரமாக வெட்டி, தேங்காய்ச் சிரட்டைகளில் வடிந்த ரப்பர் பாலைச் சேர்த்து, மத்தியானம் தோட்டத்து ஸ்டோரில் கொடுத்துவிட்டு வருவாள். அதிகம் பேச மாட்டாள். எனக்குத் தலை பின்னிவிடுவாள், என்னை அடித்ததே இல்லை. வீட்டில் எது வேண்டும் என்று அவள் வாய் திறந்து கேட்டதையும் நான் பார்த்ததில்லை.

அவளுக்குக் கொழும்பிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. கொண்டுவந்தது பெரியம்மா, அதாவது என் அம்மாவின் அக்கா. மாப்பிள்ளை கொழும்பில் ஒரு துணிக்கடையில் கேஷியர். பூர்வீகம் இரத்தினபுரிப் பக்கம், நிவித்திகலவில் ஒரு தோட்டம் என்று பேச்சு, ஆனால் கொழும்புக்குப் போய்ப் பல வருசமாகிவிட்டதால் அவர்கள் வீட்டில் யாரும் அதைச் சொல்லிக்கொள்வதில்லையாம். தோட்டத்துப் பெண் என்றால் மாப்பிள்ளை வேண்டாம் என்பார் என்று பெரியம்மாவுக்குத் தெரியும். அதனால் பெண்ணுக்கு வீடு ருவான்வெல்லை டவுனில் என்றும், பெண் வீட்டில் இருந்தபடி தையல் தைக்கிறது என்றும் சொல்லிவைத்துவிட்டாள்.

அப்பாவுக்கு இது சரியாகப் படவில்லை. "நாளைக்கு தெரிஞ்சா என்னா செய்றதுங்க?"

"தாலி ஏறுனதுக்கு அப்பறம் தெரிஞ்சா என்னா, தெரியாட்டி என்னா? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் பண்ணலாம்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? நாங்க ரெண்டுதான சொல்லியிருக்கோம்" என்றாள் பெரியம்மா. மீதித் தொள்ளாயிரத்துச் சொச்சத்தையும் தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்கிற தைரியம் அவள் முகத்தில் இருந்தது.

அத்தையிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அம்மா மட்டும் அவள் கைகளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பால் பட்டுப் பட்டு விரல்கள் கறுத்திருந்தன, கத்தி பிடித்த இடம் காய்த்துப் போயிருந்தது. தையல் தைக்கிற கை அப்படி இருக்காது. அன்றிலிருந்து தினமும் தேசிக்காய் என்கிற எலுமிச்சையின் தோலும் தேங்காய் எண்ணெயும் போட்டு அம்மா அந்தக் கைகளைத் தேய்த்தாள். கை கறுப்பாகவே இருந்தது, அம்மாவின் கைதான் வெளுத்தது.

எனக்கு அந்தக் கலியாணம் நடந்தே ஆக வேண்டும். சுருக்கு வைத்த மஞ்சள் கவுன் ஒன்று தைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். வேன் பிடித்துக் கொழும்புக்குப் போவோம், கடலைக் காட்டுவோம் என்றும் சொல்லியிருந்தார்கள். நான் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. அதை எல்லாம்விட, அத்தை இனி அட்டைக் கடி வாங்கிக்கொண்டு மலை ஏற வேண்டாம் என்று அம்மா சொன்னது என் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது. நான் அத்தையின் காலில் உப்புத் தடவி விட்டவள்.

மாப்பிள்ளை வீட்டார் படம் கேட்டார்கள். அப்பாவிடம் படம் எடுக்கிற போன் இருந்தது. ஆனால் போனில் எடுத்துப் பெண்ணைக் காட்டுவது மரியாதையா? ஸ்டூடியோவுக்குத்தான் போக வேண்டும். பஜாரில் ஒரு முஸ்லிம் நானா ஸ்டூடியோ வைத்திருந்தார். அங்கே பின்னால் தொங்குகிற திரையில் ஒரு நீலக் குளம், இரண்டு அன்னம், தூரத்தில் பனிமலை. ருவான்வெல்லையில் கலியாணமான எல்லாருமே அந்தக் குளக்கரையில் ஒரு தடவை நின்றவர்கள்தான். அந்த வருச மழையில் திரைக்குப் பூஞ்சணம் பிடித்து, ஒரு அன்னத்துக்கு அம்மை போட்டுவிட்டது. நானா அதைக் கழற்றி மோட்டார் சைக்கிளுக்குப் போர்த்திவிட்டு, புதுத் திரை வரையும் வேலையை யாரிடம் கொடுத்தார் தெரியுமா? பார்த்து வரைவதற்குச் சுவிட்சர்லாந்து படம் போட்ட ஒரு பழைய கலண்டரையும் சேர்த்தே கொடுத்திருந்தார். சித்தப்பா அந்தக் கலண்டரின் பின்பக்கத்தில் தூரிகை துடைத்தார்.

நாங்கள் படம் எடுக்கப் போன அன்றைக்குத்தான் திரையும் போய்ச் சேர்ந்தது. நல்ல மழை. அப்பா, அம்மா, அத்தை, நான் எல்லாரும் இரண்டு குடையில் நனைந்துகொண்டு போனோம். சித்தப்பா பொலித்தீனில் சுற்றிய திரையைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

நானா திரையை விரித்துத் தொங்கவிட்டார். அடையாள அட்டைக்குப் படம் எடுக்க மகனோடு வந்திருந்த ஒரு சிங்கள அம்மாதான் முதலில் வாய் திறந்தார். "மே அபே வத்தனே!" என்று சொல்லிச் சிரித்தார்.

ஆமாம், அவர் சொன்னபடியே இது எங்கள் தோட்டம்தான். எங்கள் மலை, எங்கள் ரப்பர் மரங்கள், அவற்றுக்கிடையில் பாதி இறங்கிய மேகம். மழைத் தண்ணீர் வெட்டில் இறங்காமல் இருக்க மரத்தின் இடுப்பில் கறுப்புப் பொலித்தீனைச் சுற்றிக் கட்டுவார்களே, அதைக்கூட ஒரு மரம் விடாமல் வரைந்திருந்தார். தூரத்தில் எங்கள் லயம், துருப்பிடித்த தகரக் கூரை, தகரம் பறக்காமல் இருக்க மேலே வைத்த டயர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் நிஜ உயரத்துக்கு ஒரு மரம். அதில் சாய்வான வெட்டு, கம்பியில் சிரட்டை, சிரட்டைப் பாலில் ஒரு காய்ந்த இலை விழுந்து கிடந்தது. அந்த இலையை எடுத்துப் போட எனக்குக் கை வந்தது, அவ்வளவு நிஜம். ஆனால் யார் கேட்டார்கள் அந்த நிஜத்தை?

"என்னா தம்பி இது?" என்றார் நானா. "நான் கேட்டது சுவிட்சர்லாந்து. நீ மரத்துக்கெல்லாம் பாவாட கட்டிக் கொண்டு வந்தீக்கிற!"

"சுவிட்சர்லாந்துக்கு நான் போனதில்லையே நானா."

"ரப்பர் மரம் பாக்க ஆக்கள் ஸ்டூடியோவுக்கா வரணும்? வாசல்ல எறங்கினா ஈக்கிதானே!"

"வாசல்ல இருக்கறத யாரு நானா பாக்குறா?" என்றார் சித்தப்பா. இந்த மாதிரிப் பதில்களுக்கெல்லாம் அவரிடம் பஞ்சமே இல்லை.

அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. பெரியம்மா மறுநாள் காலையில் கொழும்புக்கு பஸ் ஏறுகிறாள், படம் அவள் கையில் இருக்க வேண்டும். வேறு ஸ்டூடியோ தேடி அவிசாவளைக்குப் போக அந்த மழையில் நேரமில்லை. வெறும் சுவருக்கு முன்னால் நிறுத்தலாம் என்றார் நானா. வெறும் சுவர் முன்னால் எடுத்தால் வக்கில்லாத வீடு என்று நினைப்பார்கள் என்று அம்மா மறுத்துவிட்டாள். கடைசியில் அப்பாதான் முடிவு சொன்னார். "கொழும்புல இருக்கறவங்களுக்கு மரம்னா மரம்தான். ரப்பரா பலாவானு எவன் பாக்கப் போறான்? எடுங்க நானா."

மூன்று படம் எடுத்தார். முதலாவதில் அத்தை கைகளைக் கோத்துக்கொண்டு நின்றாள். இரண்டாவதில் ஒரு பிளாஸ்டிக் பூச்சாடி பக்கத்தில் வந்து சேர்ந்தது. மூன்றாவதுக்கு நானா, "தங்கச்சி, அந்த மரத்துல ஒரு கைய வெச்சி ஸ்டைலா நில்லுங்க" என்றார். அத்தை திரும்பி அந்த மரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையை வைத்து, நேராக நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள்.

மூன்றையும் கம்ப்யூட்டரில் காட்டினார்கள். முதல் படத்தில் சிரிப்பு நன்றாக இருக்கிறது என்றாள் அம்மா. அப்பாவும் அதையே சொன்னார்.

"மூணாவதுதான் மதினி" என்றாள் அத்தை.

"மூணாவதுல நீ சிரிக்கவே இல்லையேம்மா?"

"மூணாவதத்தான் அனுப்பணும்."

எதையும் கேட்டு வாங்காத பெண் ஒன்றைக் கேட்டதால் அதையே பெரிதாக்கிப் போட்டார்கள். லயத்தில் எட்டுப் பத்துப் பேராவது அந்தப் படத்தைப் பார்த்திருப்பார்கள். எல்லாரும் பால்வெட்டுகிறவர்கள். ஒருத்தர் கண்ணிலும் அதில் எதுவும் பிசகாகப் படவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளையின் அம்மா எங்கள் லயத்து வாசலில் வந்து நின்றார். கூடவே பேயறைந்த முகத்தோடு பெரியம்மா. டவுனில் தெரிந்தவர் ஒருவரின் வீட்டைக் காட்டி அதுதான் பெண் வீடு என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்று பெரியம்மா ஏற்பாடு செய்திருந்தாளாம். அந்த அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கியதும் இறங்காததுமாக, "நேரா தோட்டத்துக்கே போவோம்" என்று சொல்லிவிட்டாராம். அப்பா இருந்த ஒரே நல்ல கதிரையைத் துடைத்துப் போட்டார். அந்த அம்மா உட்கார்ந்து, கைப்பையிலிருந்து அத்தையின் படத்தை எடுத்து மடியில் வைத்தார்.

"இந்தப் புள்ள இதுல என்னா செய்யுதுன்னு தெரியுதுங்களா?"

"மரத்த புடிச்சிக்கிட்டு ஸ்டைலா நிக்குதுங்க" என்றார் அப்பா.

"ஒட்டுப்பால் உரிக்குது."

அப்போதுதான் நாங்கள் எல்லாரும் குனிந்து அந்தக் கையைப் பார்த்தோம். பால் வெட்டுகிறவர்கள் மரத்தடிக்குப் போனதும் உடனே வெட்டில் கத்தியை வைத்துவிட மாட்டார்கள். முந்தின நாள் வெட்டில் கசிந்து காய்ந்து நாடாவாக ஒட்டிக்கிடக்கிற ஒட்டுப்பாலைப் பெருவிரலால் கிளப்பி, இழுத்து உரித்துவிட்டுத்தான் புது வெட்டு வெட்டுவார்கள். அத்தையின் கை சித்தப்பா வரைந்த வெட்டின் மேல் சரியாக அந்த இடத்தில், அந்த விதத்தில் இருந்தது. பெருவிரல் வளைந்து நகம் பதிந்திருந்தது. எங்கள் லயத்தில் எல்லாரும் தினமும் செய்கிற காரியம் என்பதால் எங்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை.

"நானும் வெட்டினவதான். தையல் தைக்கிற புள்ளைக்கு பெருவெரலு அப்பிடி வளையாது" என்றார் அந்த அம்மா. பிறகு அத்தையைப் பார்த்து, "எத்தன வருசமாம்மா?" என்று கேட்டார்.

"ஏழு வருசங்க."

பெரியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்திவிட்டார். கோபமாகப் பேசுவார் என்று நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். அவரோ தேத்தண்ணியைக் குடித்து முடித்து, எழுந்து வந்து அத்தையின் கையைப் பிடித்துப் பார்த்தார். "கொழும்புல என்னய எரத்தினபுரி டவுன்ல பொறந்தவன்னுதான் சொல்லி வச்சிருக்கான் எம் மகன்" என்றார். அதை ஏன் எங்களிடம் சொன்னார் என்று யாருக்கும் விளங்கவில்லை. குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் சேதி வந்தது. மாப்பிள்ளைக்குத் தோட்டத்துப் பெண் வேண்டாமாம்.

அதற்குப் பிறகு சித்தப்பாவுக்கு விழுந்த ஏச்சு இருக்கிறதே, சொல்லி மாளாது. பெரியம்மா வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றாத குறை. "ஒரு அன்னத்த வரைஞ்சிருந்தா ஒங் கை அழுகிப் போயிருக்குமாய்யா? தங்கச்சி வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டியே!" அப்பா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அம்மா சோற்றைப் போட்டு எட்டி நின்று தட்டைத் தள்ளினாள். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற மனிதர், இந்த ஒரு விசயத்தில் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச அவருக்கு முகம் எங்கே இருக்கிறது என்று நானும் பல்லைக் கடித்துக்கொண்டேன். நானாவும் திரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்பா அதை எங்கள் இஸ்தோப்புத் திண்ணையில் சாரல் அடிக்கிற பக்கமாகக் கட்டிவிட்டார். ரப்பர் மலை வாசலிலும் இருந்தது, வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. மஞ்சள் கவுனும் கடலும்தான் வரவில்லை.

இரண்டு மூன்று நாள் அந்தத் திரையை முறைத்துப் பார்த்ததில் எனக்கு ஒரு யோசனை வந்தது. பெரியவர்களுக்கு ஏன் இது தோன்றவில்லை என்று ஆச்சரியமாகவும் இருந்தது. படம் பிழை என்றால் படத்தைத் திருத்த வேண்டியதுதானே? திருத்திவிட்டு, அத்தையை மறுபடி நிறுத்தி, அப்பாவின் போனில் ஒரு படம் எடுத்து அனுப்பினால் ஆயிற்று. எல்லாரும் வேலைக்குப் போன ஒரு காலையில், சித்தப்பாவின் நீலப் பெயின்ட் டின்னைத் திறந்தேன். முன்னால் நின்ற பெரிய மரத்திலிருந்து ஆரம்பித்தேன். வெட்டு, சிரட்டை, இலை எல்லாவற்றையும் நீலத்தால் மூடினேன். நல்ல பெரிய குளமாக வந்தது. அதன் மேல் வெள்ளையில் ஒரு அன்னம் போட்டேன். இரண்டு போடலாம் என்றுதான் நினைத்தேன், முதலாவதே இடத்தை அடைத்துக்கொண்டது. உடம்பு பரவாயில்லை, கழுத்து மட்டும் தேத்தண்ணிக் கேத்தல் மூக்கு மாதிரி வந்திருந்தது.

மத்தியானம் அத்தைதான் முதலில் வந்தாள். வாளியைக் கீழே வைக்காமலே திரையைப் பார்த்தபடி நின்றாள். சந்தோசப்படப் போகிறாள் என்று நான் பக்கத்தில் போனேன். பளார் என்று கன்னத்தில் ஒரு அறை. என் வாழ்நாளில் அத்தை என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். வலியைவிடத் திகைப்புத்தான் அதிகம், எனக்கு அழக்கூட வரவில்லை.

அதற்குள் சித்தப்பாவும் வந்துவிட்டார். அவரும் அடிப்பார் என்று நினைத்து இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டேன். அவர் திரைக்குக் கிட்டே போய் அன்னத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"இத நீ எங்க பாத்த?"

"நானாட பழைய திரையில."

"அப்ப சரி. பாத்துத்தான் வரைஞ்சிருக்க" என்று சொல்லிவிட்டு, பெயின்ட் டின்னை மூடி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அத்தை வாளிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதாள். சம்பந்தம் முறிந்த சேதி வந்த அன்றைக்கு அவள் அழவில்லை, அரிசி களைந்துகொண்டிருந்தாள். இப்போது ஒரு துணிக்காக அழுகிறாளே என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

"நான் நின்ன எடம்டி அது. அதுல போயி தண்ணிய நெரப்பி வச்சிருக்கியே" என்றாள்.

"ஒங்க கலியாணத்துக்குத்தான் அத்த செஞ்சேன். சித்தப்பாதான் மரத்த வரைஞ்சு எல்லாத்தையும் கெடுத்துட்டாரு."

அத்தை என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கையில் இருந்த புளித்த பால் வாடை என் கன்னத்தில் ஒட்டியது.

"அவரு எங்கடி கெடுத்தாரு? கைய வச்சது நானு. தெரிஞ்சுதான் வச்சேன், நான் யாருன்னு அவங்களும் தெரிஞ்சுக்கட்டும்னு. அந்தப் படத்தத்தான் அனுப்பணும்னு சொன்னதும் நாந்தான். சின்னண்ணனுக்கு அது தெரியும். சொல்லாதீங்கன்னு நாந்தான் சொன்னேன்."

நான் நம்பவில்லை. எல்லாரும் சேர்ந்து அண்ணனை ஏசுகிறார்களே என்று பாவப்பட்டு, அத்தை பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள் என்று நினைத்தேன். கொழும்பு மாப்பிள்ளையை எந்தப் பெண்ணாவது தானே தள்ளிவிடுவாளா? சித்தப்பாவின் மேல் எனக்குக் கோபம் இரண்டு மடங்கானது. அவரோடு ஒரு வருசம் நான் பேசவே இல்லை. பெண்ணுக்கு டவுனில் வீடு என்றார்கள், தையல் தைக்கிறாள் என்றார்கள், கடலைக் காட்டுகிறோம் என்றார்கள். அந்தக் கலியாணப் பேச்சில் பெரியவர்கள் சொன்ன எல்லாவற்றையும் நான் நம்பினேன். அத்தை சொன்னதை மட்டும்தான் பொய் என்று நினைத்தேன்.